நற்சான்றும் துலாக்கோலும்

கல்லூரியை விட்டுச் செல்வோர் உடன்கொண்டு போவனவற்றுள் நற்சான்றிதழும் ஒன்று. ஒழுக்கமுடையார், ஊக்கமுடையார் என்னும் இரு சொற்களோடு அஃது அமையுமாயின் எவர்க்கும் பொருந்தும். ஆதலின் எவரையும் காட்டாது.

சமூக அறிவியல் கற்பிக்கப் புகும் புதியவர் ஒருவரை எண்ணுவோம். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். அவற்றுள் அப்பாடத்திற்கு 60. அவ்வெண் அவர்தம் அறிவை அளக்கும். கற்பிக்கும் பண்பை அளவாது. அதனை உரைப்பதே நற்சான்றின் கடன்.

பவணந்தி முனிவர் நன்னூலில் நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கினையும் நல்லாசிரியர்க்கு உவமையாக்கினார். துலாக்கோல் ஐயமற அளவு காட்டும், நடுநிலை பிறழாது. வரலாறு கற்பிப்பார்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதன.

யாம் பள்ளியிற் பயின்ற நாளில் பயிற்சிக்கு வந்த ஒருவர், எம்மை ஊரேரிக்கு அழைத்துச் சென்று, மதகையும் கலிங்கையும் அடியளந்து படம் வரைவித்தார். ஏரியை வெட்டியவர் யாவர் என வினவினோம். "அறியேன்; தேடி வருவேன்" என்றார். மறுவாரம், ஊரார் கூறும் கதைகள் இரண்டையும், அவற்றிற்குச் சான்று கிடையாமையையும் ஒருங்கே உரைத்தார். அவர் அனுபவம் இல்லாதவரே. எனினும் இச்செய்தி ஒன்றை எழுதினால் தலைமையாசிரியர் அவரை அறிந்துகொள்வர்.

கரும்பலகையில் அவர் எழுத்துச் சிறிதாயின் அதனையும் மறையாது எழுதுக. பொய்ப்புகழ் ஒருவர்க்கு வேலை தரும். அதன் இழப்போ வகுப்பிலுள்ள சிறுவர் தலையில் விழும். சான்றெழுதுவோரும் துலாக்கோல் ஆதல் வேண்டும்.