உப்புக்காத்துக்கு வாரண்டி உண்டா?

இந்த எபிசோடு தூத்துக்குடியில எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பதிவு பண்ணினது. ஆடியோவுல நடுநடுவே உப்பு லாரி சத்தம் வரும். படிக்கிற நீங்க தப்பிச்சீங்க.

விஷயம் இதுதான். அப்பா காரோட மூணு வருஷ வாரண்டி அடுத்த மாசம் முடியுது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஷோரூம்ல இருந்து போன். "சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கோங்க, ரெண்டு வருஷத்துக்கு 19,000 ரூபாய்தான், தேதி தாண்டிட்டா அப்புறம் கேட்டாலும் கிடைக்காது." அப்பா துறைமுகத்துல ஒரு கிளியரிங் ஏஜென்சியில முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எந்தப் பேப்பரையும் மூணு தடவை படிக்காம கையெழுத்துப் போட மாட்டார். அவரே குழம்பிட்டார். சென்னைக்கு போன் பண்ணி, "ஏலே, இதை வாங்கணுமா வேண்டாமான்னு நீதான் பாத்துச் சொல்லணும்"னார். இன்னைக்கு அவருக்கு 19,000 ரூபாய்ங்கிறது மாச வருமானத்துல பாதிக்கு மேல.

கூகுள்ல தேடி அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லியிருக்கலாம். ஆனா எங்க குடும்பத்துல இந்த வார்த்தையைக் கேட்டாலே ஒருத்தர் முகம் மாறிடும். எங்க சித்தப்பா.

2023 டிசம்பர் 17 ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ஆரம்பிச்ச மழையில காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெய்தது. எங்க மாவட்டத்துல ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுறதே சராசரியா அதைவிடக் குறைவு. திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நூத்துக்கணக்கான பயணிகளோட மாட்டிக்கிட்டது அந்த மழையிலதான். தூத்துக்குடி டவுன்ல பிரையண்ட் நகர்ப் பக்கம் சித்தப்பா வீடு. வாசல்ல நின்ன கார்ல சீட் வரைக்கும் தண்ணி. வடியுறதுக்கு நாள்கணக்கு ஆச்சு.

தண்ணி வடிஞ்சதும் சித்தப்பா என்ன செஞ்சார்? சீட்டைத் துடைச்சார், சேத்தை அள்ளினார், சாமியைக் கும்பிட்டுட்டு சாவியைத் திருப்பினார். டக்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நின்ன இடத்துல நின்னுகிட்டிருந்த இன்ஜினுக்கு வெள்ளம் பெரிய கெடுதல் செய்யறதில்லை. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினாத்தான் வினை. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. மேல ஏறுற பிஸ்டன் தண்ணியில முட்டி நிக்க, அதைத் தாங்கிப் பிடிக்கிற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். மெக்கானிக்குங்க இதை 'ஹைட்ரோலாக்'னு சொல்வாங்க. சர்வீஸ் சென்டர் போட்ட எஸ்டிமேட் 2,30,000 ரூபாய்.

சித்தப்பா பதறலை. கார் எடுத்த அன்னைக்கே எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு 17,500 கட்டியிருந்தார். "இந்த மாதிரி நாளுக்குத்தானல கட்டுனது"ன்னு என்கிட்டயே சொன்னார். ஃபைலை எடுத்துட்டுப் போனார். வெளியேயிருந்து தண்ணி புகுந்ததுக்கு வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க. சரி, இன்சூரன்ஸ் இருக்கேன்னு அங்க போனார். சீட், வயரிங் எல்லாத்துக்கும் பணம் தந்தாங்க. இன்ஜினுக்குத் தரலை. வெள்ளத்தால வந்த சேதம் வேற, வெள்ளத்துக்கு அப்புறம் நீங்க ஸ்டார்ட் பண்ணினதால வந்த சேதம் வேற, ரெண்டாவதுக்கு 'இன்ஜின் புரொடெக்‌ஷன்'னு தனியா ஆட்-ஆன் எடுத்திருக்கணும்னாங்க. சித்தியோட வளையல் அடகுக்குப் போச்சு. எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. வேற கம்பெனிக்குப் போயிருந்தாலும் அநேகமா இதே பதில்தான் கிடைச்சிருக்கும், ஏன்னா பேப்பர்ல அப்படித்தான் எழுதியிருந்தது.

சித்தப்பா ஏமாளி இல்லை. அவர் வாங்கினது ஒண்ணு, வாங்கினதா நினைச்சது இன்னொண்ணு. வாரண்டிங்கிறது காருக்கு உள்ளேயிருந்து வர்ற கோளாறுக்கு. தயாரிப்புல குறை, பாகம் சரியில்லை, அந்த மாதிரி. வெளியேயிருந்து விழுற அடிக்கு இன்சூரன்ஸ். தேய்மானத்துக்கு ரெண்டுமே கிடையாது. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், வைப்பர் எல்லாம் நம்ம தலைமேலதான்.

இப்போ எங்க ஊரை எடுத்துக்கோங்க. குஜராத்துக்கு அடுத்தபடியா நாட்டுல அதிகமா உப்பு விளையுற இடம் இது. முத்தையாபுரம் தாண்டினா ரெண்டு பக்கமும் உப்பளம். காத்துலயே உப்பு. உலோகத்து மேல படியுற ஈரத்துல உப்பு கலந்தா மின்சாரம் சுலபமாப் பாயும், துரு வேகமாப் பிடிக்கும். கதவோட அடிவிளிம்பு, சைலன்சர், காருக்கு அடியில இருக்கிற போல்ட், முன்னாடி இருக்கிற ஏசி கண்டென்சர், எல்லாத்துக்கும் இங்க ஆயுசு கம்மி. இந்தத் துருவுக்கு வாரண்டி தருமா? பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்கள்ல சுற்றுச்சூழலால வர்ற சேதம் கிடையாதுன்னு ஒரு வரி இருக்கும். சிலதுல உப்புன்னு பேரைச் சொல்லியே விலக்கியிருப்பாங்க. அதாவது தூத்துக்குடி கார் அதிகமா எதனால கெடுமோ, அந்த ரெண்டும், உப்பும் வெள்ளமும், இந்த 19,000 ரூபாய்க்குள்ள வரவே வராது.

இந்த இடத்துல எனக்குப் பிடிச்ச ஒரு பழைய கதையைச் சொல்லிடறேன். எங்க கரையில ஆயிரக்கணக்கான வருஷமா முத்துக்குளிப்பு நடந்தது. இங்க கடைசியாப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. 13-ஆம் நூற்றாண்டோட கடைசியில பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வச்சிருக்கார். கிடைக்கிற முத்துல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதுல ஒரு பங்கு, சுறா கடிக்காம இருக்க மந்திரம் போடுறவங்களுக்கு. பின்னாள்ல அவங்களுக்குக் கடல்கட்டின்னு பேரு. கடலையே கட்டிப்போடுறவர்! அந்த மந்திரத்துக்கும் நிபந்தனை இருந்ததுங்கிறதுதான் இதுல அழகு. பகல்ல மட்டும்தான் பலிக்கும். ராத்திரி மந்திரத்தை அவங்களே அவுத்து விட்டுடுவாங்க, திருட்டுத்தனமா யாரும் இறங்கிடக் கூடாதுன்னு. வேலிடிட்டி முடிஞ்சா சுறா உங்க பொறுப்பு.

சிரிக்கலாம். ஆனா வெள்ளைக்காரங்க முத்துக்குளிப்பை நடத்தின காலத்துலயும், மந்திரத்தை நம்பாத அதிகாரிங்க கடல்கட்டியை வச்சுக்கிட்டாங்க. அவர் இல்லாம குளியாளுங்க தண்ணியில இறங்க மாட்டாங்க. சுறா வருமோ வராதோ, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆழத்துக்கு இறங்குறவனுக்கு அந்த தைரியம் வேணும். அதனால 'மனநிம்மதிக்காக வாங்கறேன்'னு ஒருத்தர் சொன்னா நான் கேலி பண்ண மாட்டேன். அந்த நிம்மதிக்கு என்ன விலை, எதுவரைக்கும் செல்லும்னு மட்டும் கேட்பேன்.

அப்பா காருக்கு வருவோம். சாதாரண பெட்ரோல் இன்ஜின், டர்போ கிடையாது, மேனுவல் கியர். மூணு வருஷத்துல ஓடினது 19,000 கிலோமீட்டர். மாசத்துக்கு ரெண்டு தடவை அம்மாவை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, ஞாயித்துக்கிழமை சர்ச், அப்பப்போ மக்ரூன் வாங்க டவுனுக்கு. இந்த வண்டியில வாரண்டிக்குள்ள வர்ற மாதிரி பெரிய செலவு எது வரும்? ஏசி கம்ப்ரஸர், ஸ்டீரியரிங் மோட்டார், ஈசியூ. நான் விசாரிச்ச வரைக்கும் எது போனாலும் இந்த மாடலுக்கு 25,000ல இருந்து 45,000க்குள்ள. 19,000 கட்டி 40,000 ரூபாய் வேலை நடக்கணும்னா, ரெண்டு வருஷத்துல அது வர்றதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டுல ஒரு வாய்ப்பு இருந்தாத்தான் கணக்கு சமம். இவ்வளவு குறைவா ஓடுற, இவ்வளவு எளிமையான வண்டிக்கு அது ரொம்ப அதிகம்.

ஆனா என்னோட சென்னைக் காருக்கு நானே எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருக்கேன். முரண்பாடு இல்லை. என்னுது டர்போ இன்ஜின், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். வருஷத்துக்கு 18,000 கிலோமீட்டர், பாதி ஓஎம்ஆர் டிராஃபிக்ல ஊர்ந்தே போகுது. அந்த கியர்பாக்ஸ்ல ஒரு பெரிய கோளாறு வந்தா பில் லட்சத்தைத் தாண்டும், அதை ஒரே மாசத்துல புரட்ட என்னால முடியாது. நம்மால தாங்க முடியாத செலவை அடுத்தவன் தலையில மாத்துறதுக்குத்தான் இந்த மாதிரிப் பேப்பர் எல்லாம். தாங்க முடிஞ்ச செலவுக்குக் காசு கட்டினா ஷோரூமுக்குத்தான் லாபம். எலெக்ட்ரிக் கார்னா கணக்கு இன்னும் வேற. பெரும்பாலும் பேட்டரிக்குத் தனியா நீண்ட வாரண்டி கூடவே வருது, பலதுல 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். 2025 ஆகஸ்ட்ல எங்க ஊர் சிப்காட்லயே வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தாச்சு, அதனால இந்தக் கேள்வி இங்க இனி நிறைய வரும். பேட்டரி போக மத்ததுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா சில விஷயம் பாருங்க. முதல்ல, கூடவே வர்ற வாரண்டி எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கோங்க. மாருதி முன்னாடி 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர்தான் தந்தது, 2024 ஜூலையில 3 வருஷம், 1 லட்சம் கிலோமீட்டர்னு மாத்தினாங்க. பழைய கணக்கை வச்சு 'வாங்கியே ஆகணும்'னு சொல்ற மாமாக்களை நம்பாதீங்க. ரெண்டாவது, பேப்பர்ல கார் கம்பெனி பேர் இருக்கா, இல்லை வேற யாரோவா? டீலர் தானா ஏற்பாடு பண்ற வாரண்டி வேற ஊர் சர்வீஸ் சென்டர்ல செல்லாம போகலாம். தூத்துக்குடியில வாங்கிட்டு சென்னையில ஓட்டுறவங்களுக்கு இது முக்கியம்.

டெலிவரி அன்னைக்கே முடிவு பண்ணணும்னு அவசியம் இல்லை. பல கம்பெனிகள்ல முதல் வாரண்டி முடியுறதுக்குள்ள எப்போ வேணும்னாலும் எடுக்கலாம், தாமதமானா விலை கொஞ்சம் ஏறும். லோன்ல சேர்த்துடறோம்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. 20,000 ரூபாயை 9.5 சதவீத வட்டியில அஞ்சு வருஷ லோன்ல சேர்த்தா கடைசியில சுமார் 25,200 கட்டியிருப்பீங்க.

அப்புறம் ஒரு சர்வீஸைக் கூட வெளிய விடக் கூடாது, கிலோமீட்டரும் தேதியும் தாண்டக் கூடாது. வயரை வெட்டி ஹெட்லைட்டோ மியூசிக் சிஸ்டமோ மாட்டினா, எலெக்ட்ரிக்கல் கிளெய்ம் வரும்போது அதைத்தான் முதல்ல காட்டுவாங்க. எல்லாம் சரியா இருந்தும் மறுத்தா, காரணத்தை எழுத்துல வாங்குங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுலயும் தீரலைன்னா நீங்க குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அதெல்லாம் சரிலே. அம்மாவைக் கூட்டிட்டு வரும்போது வல்லநாட்டுப் பக்கம் கார் நின்னுட்டுன்னா, நீ மெட்ராஸ்ல இருந்தா வந்து தள்ளப் போற?"ன்னார்.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. அவர் பயம் ரிப்பேர் செலவு இல்லை. சாயங்கால நேரம், பக்கத்து சீட்ல உடம்பு முடியாத அம்மா, பாதி வழியில நின்ன கார். அதுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி பதிலே இல்லை. வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தா பாகத்தை மாத்தித் தருவாங்க, வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்குறது யாரு? அதுக்குப் பேரு ரோட்சைட் அசிஸ்டன்ஸ், இன்சூரன்ஸோட சேர்த்தே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் இழுத்துட்டுப் போவாங்கன்னு மட்டும் பார்த்தோம்.

கடைசியில இதுதான் செஞ்சோம். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலை. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது இன்ஜின் புரொடெக்‌ஷனும் ரோட்சைட் அசிஸ்டன்ஸும் சேர்த்தோம். ரெண்டுக்கும் சேர்த்து அப்பா காருக்கு 2,000 ரூபாய்க்குள்ளதான் வந்தது. பல நிறுவனங்கள் கார் பழசாயிட்டா இன்ஜின் கவர் தர்றதில்லை, அதனால இப்பவே எடுத்தது நல்லது. மீதியை போஸ்ட் ஆபீஸ்ல ஆர்டி போட ஆரம்பிச்சுட்டார், அது காருக்குன்னே. மாசம் ஒரு தடவை அடிப்பாகத்தை நல்ல தண்ணியில கழுவறார், கதவுக்கு அடியில இருக்கிற தண்ணி வடியுற ஓட்டைகளைக் குச்சியால குத்தி விடறார். வெள்ளம் வந்தா சாவியைத் தொடக் கூடாது, பேட்டரி வயரைக் கழட்டிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடணும்னு ஒரு சீட்டுல எழுதி டேஷ்போர்டுல ஒட்டியிருக்கார். சித்தப்பா அதைப் படிச்சுட்டு ஒண்ணும் பேசலை. செல்போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கிட்டார்.

நேத்து நான் இருக்கும்போதே ஷோரூம்ல இருந்து மறுபடியும் போன். அப்பா ஸ்பீக்கர்ல போட்டார்.

"தம்பி, மழைத்தண்ணி உள்ள போயிட்டுன்னா இதுல குடுப்பியளா?"

"அது இன்சூரன்ஸ்ல வரும் சார்."

"சரி, உப்புக்காத்துல துருப்பிடிச்சா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மேனேஜர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன் சார்"னு வச்சுட்டார். இன்னும் கூப்பிடலை.