பவுலிங் பந்தின் பாதையைத் தீர்மானிக்கும் மேலுறை: கடினத்தன்மைக்கு வரம்பு வந்தது ஏன்?

அமெரிக்காவில் பவுலிங் விளையாட்டை நெறிப்படுத்தும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ் என்னும் அமைப்பு, 2022 மார்ச் மாதத்தில் இரண்டு முடிவுகளை அறிவித்தது. 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் தயாரான ‘பர்ப்பிள் ஹேமர்’ பந்துகளைத் தனது தேசியப் போட்டிகளில் பயன்படுத்தக் கூடாது என்பது ஒன்று. ‘ஸ்டார்ம்’ நிறுவனத்தின் ‘ஸ்பெக்டர்’ பந்துக்கு வழங்கியிருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது மற்றொன்று. சோதிக்கப்பட்டவற்றுள், விதிகள் கோரும் குறைந்தபட்சக் கடினத்தன்மைக்கும் கீழான பந்துகள் இருந்தமையே இரண்டுக்கும் காரணம்.

முறைப்படி கடையில் வாங்கி, தம் விரல்களுக்கு ஏற்பத் துளையிட்டு, மாதக்கணக்கில் பழகிய பந்தை ஆட்டக்காரர்கள் திடீரென ஒதுக்கிவைக்க நேர்ந்தது. பந்தின் எடையிலோ சுற்றளவிலோ குறை காணப்படவில்லை. அதன் மேலுறை சற்று மென்மையாக இருந்தது, அவ்வளவே. அத்தனை சிறிய வேறுபாட்டுக்கு இத்தனை பெரிய நடவடிக்கை தேவைதானா என்ற கேள்வி இயல்பாக எழும்.

தமிழ் வாசகர்களுக்குப் பவுலிங் என்றதும் கிரிக்கெட்டே நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது, பெருநகர வணிக வளாகங்களில் காணப்படும் ‘டென்பின் பவுலிங்’. வழவழப்பான தடத்தில் பந்தை உருட்டி, மறுமுனையில் முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்களை வீழ்த்தும் விளையாட்டு இது. ஆயினும் கிரிக்கெட்டுடன் ஓர் ஒற்றுமை உண்டு. அங்கே பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பதால் காற்றில் பந்து வளைகிறது. இங்கே பந்தை வளைப்பது தரை. இரண்டிலும் பந்தின் தோல்தான் பேசுகிறது.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

ஆட்டக்காரர் தாண்டக் கூடாத கோட்டிலிருந்து முதல் பின் வரை தடத்தின் நீளம் 60 அடி. அகலம் ஏறத்தாழ 41.5 அங்குலம். பார்வைக்கு முழுத் தடமும் ஒரே மாதிரி மின்னினாலும், அதன் முன்பகுதியில் சுமார் 40 அடி வரை மட்டுமே இயந்திரத்தால் எண்ணெய் பூசப்படுகிறது. கடைசி 20 அடி உலர்ந்த தரை. வளாகங்களில் பொழுதுபோக்காக ஆடுவோருக்கான தடங்களில் நடுவில் எண்ணெய் மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் இருக்கும். பந்து சற்றே தவறிப் போனாலும் நடுவுக்குத் திரும்பிவர இந்த ஏற்பாடு உதவுகிறது. போட்டித் தடங்களில் இந்தச் சலுகை பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒரு முழுத் தடத்துக்குச் செலவாகும் எண்ணெய் பொதுவாக 20 முதல் 30 மில்லிலிட்டர் வரைதான். அதாவது, சமையலறையின் பெரிய கரண்டியில் இரண்டு கரண்டி. அதை 40 அடி நீளத்துக்குப் பரப்பினால் படலத்தின் சராசரித் தடிமன் சுமார் இரண்டு மைக்ரான் என்று கணக்கு வருகிறது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான்.

இனிப் பந்தின் பக்கம் வருவோம். பந்து மேற்பரப்பின் சொரசொரப்புக்கு விதிகள் அனுமதிக்கும் உச்ச வரம்பு 50 மைக்ரோ அங்குலம். இது சுமார் 1.3 மைக்ரான். எண்ணெய்ப் படலத்தின் தடிமனும் பந்தின் சொரசொரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சொரசொரப்பான பந்தின் நுண்ணிய முகடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துத் தரையைத் தொடுகின்றன. மெருகேற்றப்பட்ட பந்தோ எண்ணெயின் மேலேயே வழுக்கிச் செல்கிறது. விரலால் தடவினால் அரிதாகவே உணரக்கூடிய வேறுபாடு, தடத்தில் பந்தின் பாதையை அங்குலக் கணக்கில் மாற்றிவிடுகிறது.

வழுக்குதல், வளைதல், உருளுதல்

கையிலிருந்து விடுபடும் பந்து மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதலில் எண்ணெயில் வழுக்குகிறது. அடுத்து, உராய்வு கிடைத்ததும் வளைகிறது. இறுதியில் வழுக்கல் முற்றிலும் நின்று, நேர்கோட்டில் உருள்கிறது.

மணிக்கு 18 மைல் வேகத்தில் செல்லும் பந்து வழுக்காமல் உருள வேண்டுமானால் அது நிமிடத்துக்குச் சுமார் 700 முறை சுழல வேண்டும். ஏனெனில், ஒரு முழுச் சுற்றில் அது கடப்பது தன் சுற்றளவான 27 அங்குலம் மட்டுமே. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் கொடுக்கும் சுழற்சி 300 அல்லது 400 என்று வைத்துக்கொண்டால், பந்து தன் வேகத்துக்குத் தேவையானதைவிட மெதுவாகவே சுழல்கிறது. எனவே அது வழுக்குகிறது. அந்தச் சுழற்சியும் நேர் முன்னோக்கியது அன்று, பக்கவாட்டில் சாய்ந்தது. உலர்ந்த தரையைத் தொட்டதும் உராய்வு விசை பந்தின் வேகத்தைக் குறைத்து, சுழற்சியைக் கூட்டி, கூடவே பந்தைப் பக்கவாட்டிலும் இழுக்கிறது. எண்ணெய் பூசிய தரையின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.04 என்றும், உலர்ந்த தரையில் அது 0.2 என்றும் இயற்பியல் கணக்கீடுகளில் கொள்ளப்படுகிறது. ஐந்து மடங்கு வேறுபாடு.

இந்த வளைவு வெறும் அழகுக்காக அன்று. ஒரு பின்னின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. பந்தின் உச்ச எடை 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ. நேராக வந்து மோதும் பந்து முதல் பின்னில் பட்டவுடன் விலகிவிடுகிறது. வளைந்து வரும் பந்து சுமார் ஆறு பாகைக் கோணத்தில் நுழைந்தால் பத்தும் விழும் வாய்ப்பு மிகுதி என்பது சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. வலக்கை ஆட்டக்காரரின் சீரான வீச்சில் பந்து தொடுவது ஒன்று, மூன்று, ஐந்து, ஒன்பது எனும் எண்ணிடப்பட்ட நான்கு பின்களை மட்டுமே. எஞ்சிய ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளி வீழ்த்துகின்றன.

ஆகவே, பந்து எங்கே வளையத் தொடங்குகிறது என்பதே முக்கியம். 500 எண் கொண்ட முரட்டு உரைப்புத் தாளால் தேய்த்த பந்து முன்னதாகவே தரையைப் பற்றி, மெல்ல வளைந்து, விரைவில் உருளும் நிலையை அடைந்துவிடும். எண்ணெய் மிகுந்த தடத்தில் இது நல்லது. எண்ணெய் குறைந்த தடத்தில் அதே பந்து பின்களை எட்டுமுன்பே சோர்ந்து, மோதியதும் விலகும். 4000 எண் தாளால் தேய்த்த அல்லது மெருகேற்றிய பந்து நெடுந்தூரம் வழுக்கி, உலர்ந்த பகுதியில் சட்டெனத் திரும்பும். பந்தின் உள்ளீட்டு வடிவத்தைப் பற்றி விளம்பரங்கள் எவ்வளவோ பேசினாலும், பவுலிங் காங்கிரஸ் நடத்திய பந்து அசைவு ஆய்வில் முன்னணியில் நின்ற காரணிகள் மேலுறை தொடர்பானவையே. பந்து வாங்குவோர் உள்ளீட்டின் படத்தைப் பார்த்து மயங்குவதைவிட மேலுறையைத் தடவிப் பார்ப்பது பயனுள்ளது எனலாம்.

மரத்திலிருந்து நுண்துளை வரை

தொடக்கத்தில் பவுலிங் பந்துகள் ‘லிக்னம் வைட்டே’ எனும் கடின மரத்தால் செய்யப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடின ரப்பரும், 1960களில் பாலியெஸ்டரும் வந்தன. 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் நுழைந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த ‘ரியாக்டிவ் ரெசின்’ ஆட்டத்தையே மாற்றிவிட்டது. யூரித்தேனுடன் வேறு சேர்மங்களைக் கலப்பதால் இதன் மேலுறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உருவாகின்றன. அவை தடத்தின் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன.

மேலுறையை மென்மையாக்கினால் பிடிப்பு கூடும் என்பதை ஆட்டக்காரர்கள் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தனர். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்கூன், பாலியெஸ்டர் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து, அதன் மேல்தோலை இளகச் செய்தார். 1973ஆம் ஆண்டில் அவர் ஆறு பட்டங்களை வென்று, அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். அப்போது அதற்கு எதிராக விதி ஏதும் இல்லை. பிறரும் அவரைப் பின்பற்றத் தொடங்கினர். எளிதில் தீப்பற்றக்கூடிய கரைப்பான் அது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இதன் விளைவாகவே கடினத்தன்மைக்கு வரம்பு பிறந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் 75 என்றும், அன்றைய அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸ் 72 என்றும் அளவு நிர்ணயித்தன. அந்த 72தான் அரை நூற்றாண்டு கழித்து 2022இல் மீண்டும் தலைப்புச் செய்தியானது.

இந்த எண்ணை அளப்பது ‘டியூரோமீட்டர்’ எனும் கையடக்கக் கருவி. அதன் கூரிய முள் மேலுறையில் அழுத்தப்படும். முள் எவ்வளவு குறைவாக இறங்குகிறதோ அவ்வளவு கடினம். அளவு 0 முதல் 100 வரை. வெப்பம் கூடினால் அதே பந்து மென்மையானதாகக் காட்டும் என்பதால் சோதனையின்போது பந்தின் வெப்பநிலையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. வெயிலில் நிறுத்திய காரிலிருந்து எடுத்துவந்த பந்தையும், குளிரூட்டிய அறையில் இருந்த பந்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

மென்மையான மேலுறை, தரையைத் தொடும் இடத்தில் சற்றே தட்டையாகிறது. தொடும் பரப்பு விரிகிறது, பிடிப்பு கூடுகிறது. பர்ப்பிள் ஹேமர் ஒரு யூரித்தேன் பந்து. யூரித்தேன் எண்ணெயை அதிகம் உறிஞ்சுவதில்லை; எண்ணெயைத் தடத்தின் பின்பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. இதனால் உலர்ந்திருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் சேர்கிறது. அடுத்து அதே தடத்தில் ஆடுபவரின் பந்து, வளைய வேண்டிய இடத்தில் வழுக்குகிறது. ஒருவர் கையிலுள்ள பந்து மற்றொருவரின் தடத்தையும் மாற்றிவிடுவதால்தான் மேலுறை பற்றிய வாதம் தனிப்பட்ட கருவித் தேர்வு என்ற எல்லையைத் தாண்டிச் செல்கிறது.

நுண்துளைப் பந்துகள் இதற்கு நேர்மாறான சிக்கலைத் தருகின்றன. அவை தடத்திலிருந்து எண்ணெயை எடுத்துவிடுவதால் ஆட்டம் நீள நீளத் தடம் உலர்ந்து, பந்துகள் முன்கூட்டியே வளையத் தொடங்குகின்றன. இதைக் கட்டுப்படுத்தும் நோக்கில், 2020 ஆகஸ்ட் முதல் புதிதாக அங்கீகாரம் பெறும் பந்துகளுக்கு எண்ணெய் உறிஞ்சும் வேகத்திலும் வரம்பு விதிக்கப்பட்டது.

உறிஞ்சிய எண்ணெய் பந்தையும் விடுவதில்லை. துளைகள் நிறைந்துவிட்டால் பந்தின் பிடிப்பு குறைகிறது. அத்தகைய பந்தை ‘இறந்துவிட்டது’ என்றே ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தோ, இதற்கென உள்ள மிதவெப்பப் பெட்டியில் வைத்தோ எண்ணெயை வெளியேற்றி, மீண்டும் தேய்த்தால் அது பெருமளவு உயிர்பெறும். அவசரப்பட்டு அதிகச் சூடு காட்டினால் மேலுறை வெடித்துவிடும்.

போட்டி தொடங்கிய பிறகு மேற்பரப்பைத் தேய்க்கவோ மெருகேற்றவோ விதிகள் இடம் தருவதில்லை. திரவச் சுத்திகரிப்பான்களுக்கும் அனுமதி கிடையாது. உலர்ந்த துணியால் துடைக்கலாம். எனவே தடம் மாறும்போது பந்தை மாற்றுவதே ஆட்டக்காரருக்கு உள்ள வழி. தொழில்முறை ஆட்டக்காரர்கள் வெவ்வேறு மேற்பரப்பு கொண்ட பல பந்துகளைச் சுமந்து செல்வது இதனால்தான். அந்தப் பைகளில் பெரும்பாலும் ஒரு பாலியெஸ்டர் பந்தும் இருக்கும். வணிக வளாகங்களில் எல்லோருக்கும் பொதுவாக அடுக்கி வைத்திருக்கும் அதே வகைதான். முதல் வீச்சில் தப்பி நின்ற ஒற்றைப் பின்னை வீழ்த்த வளைவு தேவையில்லை. எண்ணெயையும் பொருட்படுத்தாமல் நேராகப் போகும் பந்துதான் தேவை.