திரைக்குள் புகுந்த பூச்சி: நசுக்கிவிடாதீர்கள்



நமது கணினி அறையில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த மாணவர் ஒருவர், திரையில் ஊர்ந்த சிறு பூச்சியை விரலால் அழுத்திவிட்டார். பூச்சி கண்ணாடிக்கு மேலே இல்லை, உள்ளே இருந்தது. அங்கேயே செத்து ஒட்டிக்கொண்டது. இப்போது திரையின் நடுவே எள்ளளவு கரும்புள்ளி. படிவம் நிரப்புகிறவர்கள் அதை முற்றுப்புள்ளி என்று எண்ணி அழிக்கப் பார்க்கிறார்கள்! நன்கொடையாக வந்த மானிட்டர் அது. புதிது வாங்கும் பணத்தை ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்கலாம்.

ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகாலிலும் தென்காலிலும் தண்ணீர் ஓடி, சுற்றிலும் நெல்லும் வாழையும் நிற்கும்போது மஃரிபுக்குப் பிறகு விளக்கைப் போட முடிவதில்லை. பச்சைத் தத்துப்பூச்சி வெளியேதான் மொய்க்கும். உள்ளே நுழைவது ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இலைப்பேன், பொடி எறும்பு போன்றவை. இங்கிலாந்திலும் கோதுமை அறுவடைக் காலத்தில் இலைப்பேன் மானிட்டருக்குள் புகுவது வழக்கமான தொல்லைதான்.

எப்படிப் புகுகிறது? மானிட்டரின் முன்கண்ணாடிக்குப் பின்னால், ஒளியைச் சீராகப் பரப்பும் மெல்லிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒட்டப்படாமல் அடுக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் எல்இடி விளக்குகள். வெளிச்சத்தைத் தேடிவரும் பூச்சி, காற்றுத் துளை வழியாகவும் சட்டத்தின் இடுக்கு வழியாகவும் அந்த அடுக்குகளுக்கு நடுவே போய்விடுகிறது. கைப்பேசித் திரையில் பெரும்பாலும் அடுக்குகள் ஒட்டியிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

உயிரோடு இருந்தால் திரையைத் தொடாதீர்கள். மானிட்டரை அணைத்து, அறை விளக்கையும் அணைத்துவிட்டு, சட்டத்தின் ஓரத்தில் ஒரு மேசை விளக்கையோ டார்ச்சையோ எரியவிடுங்கள். வயலில் விளக்குப்பொறி வைக்கிறோமே, அதே வேலைதான். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்றானதும் தானாக வந்துவிடும். சில நேரம் இரவு முழுதும் ஆகும், பொறுமை வேண்டும்.

செத்துவிட்டதா? சட்டத்தை, கண்ணாடியை அல்ல, விரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். அதிர்வு நிலையில் உள்ள கைப்பேசியைச் சட்டத்தின்மேல் வைத்தும் பார்க்கலாம். நசுங்காத பூச்சி கீழே சரிந்து விளிம்புக்குள் மறைந்துவிடும். அசையவே இல்லை, ஓரம் சதுரமாகத் தெரிகிறது என்றால் அது பூச்சி அல்ல, செயலிழந்த பிக்சல், தட்டிப் பயனில்லை.

கொசு மருந்தைத் துளைக்குள் அடிக்கக் கூடாது. தாள்களில் கறை படியும், மின்பலகையும் கெடும். கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். எல்இடிக்கு முந்திய பழைய மானிட்டர்களில் குழல்விளக்கு இருக்கும். அதற்குப் போகும் மின்னழுத்தம் பல நூறு வோல்ட். நமக்கு நன்கொடையாக வருபவற்றில் அந்த வகையும் உண்டு.

கணினி அறைச் சன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. மாலையில் வருகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டு, வேலை முடிந்ததும் மானிட்டரின் பொத்தானையும் அணைத்துவிட்டுப் போகவும்.