கடலடியில் ஒளிக்கு வலுவூட்டும் கண்ணாடி



வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஏறத்தாழ 10 கிலோமீற்றர். வழக்கமான கண்ணாடி நாரினூடே அத்தூரம் ஓடும் ஒளி தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இழந்துவிடுகின்றது. 100 கிலோமீற்றர் சென்றால் நூறில் ஒரு பங்கே எஞ்சும். 200 கிலோமீற்றர் சென்றால் பதினாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வாறாயின், வெள்ளவத்தையிலிருந்து பேசும் தாயின் குரல் ஒளித்துடிப்பாக மாறி, கடலடியாற் சென்று, இலண்டனிலுள்ள மகனின் செவியை எங்ஙனம் எட்டுகின்றது? கண்ணாடியில் இம்மியளவு கலந்த எர்பியம் என்னும் மூலகமே அதனைச் சாத்தியமாக்குகின்றது.

எர்பியம் அருமண் மூலகக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டு மயங்கவேண்டியதில்லை. இக்குடும்பத்தார் அத்துணை அரியவரல்லர். நம் புல்மோட்டை, பேருவளைக் கடற்கரை மணலிலுள்ள மொனசைற்று என்னும் கனியத்தில் இவர்களுட் சிலரான சீரியமும் நியோடிமியமும் உள்ளன.

இம்மூலகங்களின் அயன்களில், ஒளியை உறிஞ்சி உமிழும் இலத்திரன்கள் உள்ளோட்டில் இருக்கின்றன. வெளியோட்டு இலத்திரன்கள் அவற்றை மதில்போற் சூழ்ந்து காக்கின்றன. ஆதலால் கண்ணாடிக்குள் புகுந்தபோதும் எர்பியம் அயன் தன் சக்தி மட்டங்களைப் பெரிதும் மாற்றிக்கொள்வதில்லை. ஆயினும் கண்ணாடி, பளிங்கைப்போல ஒழுங்கான அமைப்புடையதன்று. ஒவ்வோர் அயனுக்கும் அயலவர் சற்றே வேறுபடுவர். அதனால் அவை உமிழும் ஒளியும் ஒரே அலைநீளத்தில் நில்லாது, முக்கியமாக 1530 முதல் 1565 நானோமீற்றர் வரை பரந்து விரிகின்றது. கட்புலனாகாத இந்தச் செந்நிறக் கீழ்க்கதிர்ப் பரப்பிலே பல அலைநீளங்களில் பல செய்திகளை ஒரே நாரில் அனுப்பி, அனைத்தையும் ஒருங்கே பெருக்கலாம். கண்ணாடி நார் ஒளியை மிகக் குறைவாக விழுங்குவதும் இதே பரப்பிலேதான். பொறியியலாளர் வேண்டிக் கேட்டிருந்தாலும் இதனினும் பொருத்தமாக அமைந்திராது.

பெருக்கும் முறை இதுதான். 980 நானோமீற்றர் லேசர் ஒளியை எர்பியம் கலந்த நாருக்குட் செலுத்துவர். அயன்கள் அதனை உறிஞ்சி மேல்மட்டம் ஏறி, விரைவில் இடைமட்டத்திற்கு இறங்கி, அங்கே ஏறக்குறைய நூறில் ஒரு செக்கன் காத்திருக்கும். அணுவுலகில் அது நெடுங்காலம். அவ்வேளை களைத்துவரும் செய்தி ஒளி அவற்றைத் தூண்ட, ஒவ்வொன்றும் அச்சொட்டாக அதே ஒளியை ஈனும். இத்தூண்டல் உமிழ்வை ஐன்ஸ்டைன் 1917 இலேயே எடுத்துக் கூறியிருந்தார்.

நியோடிமியம் கலந்த கண்ணாடியில் முதன்முதல் லேசரை இயக்கியவர் அமெரிக்கரான எலியாஸ் சினிற்சர், ஆண்டு 1961. கண்ணாடி நாரில் ஒளியைப் பெருக்கியும் அவர் 1964 இல் காட்டினார். ஆனால் அதன் ஒளி 1060 நானோமீற்றரை அண்டியது. நெடுந்தொலைத் தொடர்புக்கு ஏற்றதன்று. 1987 இல் இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெயினின் குழுவினர் எர்பியம் நார்ப் பெருக்கியை உருவாக்கிய பின்னரே வழி திறந்தது. அதற்குமுன் கடலடியில் ஒளியை மின்குறியாக மாற்றித் திருத்தி, மீண்டும் ஒளியாக்கி அனுப்பவேண்டியிருந்தது. வேகத்தைக் கூட்ட விரும்பினால் கடலுக்குள் கிடக்கும் கருவிகளையே மாற்றவேண்டும்!

வெள்ளவத்தைக்குத் தெற்கே, தெஹிவளையைக் கடந்தால் வரும் கல்கிசையில், மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ‘சீ-மீ-வீ 3’ கம்பிவடம் கரையேறியது. 2000 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அது, ஏறத்தாழ 39,000 கிலோமீற்றர் நீளமுடையது. 2024 இல் ஓய்வுபெற்றது. இத்தகைய நெடுங் கம்பிவடங்களில் குறித்த தூரத்திற்கு ஒன்றாக எர்பியம் பெருக்கிகள் கடற்றரையிற் கிடக்கின்றன. அவற்றிலுள்ள லேசர்களை இயக்கும் மின்சாரத்தை, அதே கம்பிவடத்திலுள்ள செப்புக் கடத்தி கரையிலிருந்து கொண்டுசெல்கின்றது.