சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் பார்வை மங்கினால்

சிக்குன்குனியா என்றவுடன் அனைவருக்கும் நினைவுக்கு வருவது மூட்டுவலியே. 2006-ஆம் ஆண்டு இந்தியாவில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் சிலருக்குக் கண்களும் பாதிப்படைந்ததைத் தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் அப்போது பதிவு செய்தனர். பெரும்பாலோருக்கு இப்பாதிப்பு வருவதில்லை. வந்தவர்களுக்கோ, காலம் தாழ்த்தாத சிகிச்சை இன்றியமையாதது.

கண்ணில் நேர்வது என்ன?

விழித்திரையில் பதியும் காட்சியை மூளைக்குக் கொண்டு செல்வது பார்வை நரம்பு. அதில் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிழைகள் உள்ளன. வைரஸ் நேரடியாகத் தாக்குவதாலோ, வைரஸை எதிர்க்க எழுந்த நோயெதிர்ப்பு ஆற்றல் நம் திசுக்களையே தாக்குவதாலோ இந்நரம்பில் அழற்சி உண்டாகலாம். விழித்திரையும் கண்ணின் முன்பகுதியும் கூட அழற்சிக்கு உள்ளாகலாம்.

காய்ச்சலின்போதே இது தோன்றலாம். காய்ச்சல் தணிந்து சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம். அதனால்தான் பலர் இதனைக் காய்ச்சலோடு தொடர்புபடுத்துவதில்லை. ‘உடல் தளர்ச்சி, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும்’ என்று காத்திருந்து வருவோரை நாங்கள் காண்கிறோம்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

• ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ பார்வை திடீரென மங்குதல்
• நிறங்கள், குறிப்பாகச் சிவப்பு, வெளிறித் தெரிதல்
• பார்வையின் நடுவில் கரும்படலம் தெரிதல்
• கண்ணை அசைக்கும்போது வலி
• கண் சிவத்தல், வெளிச்சத்தைக் கண்டால் கூசுதல்

ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றொன்றின் குறை தெரியாமல் போகும். ஆகவே காய்ச்சலுக்குப் பின் சில வாரங்கள், ஒவ்வொரு கண்ணாக மூடி நாட்காட்டியைப் படித்துப் பாருங்கள். முதியோருக்கு வீட்டிலுள்ளோர் இதனைச் செய்து பார்க்கலாம்.

சிகிச்சையும் அதன் பின்னும்

பார்வைத் திறன், நிற அறிதல், புறப்பார்வை, விழித்திரை ஆகியவற்றைச் சோதிப்போம். அழற்சியைத் தணிக்கத் தேவைப்படுவோருக்கு ஸ்டீராய்டு மருந்து தரப்படும். பலருக்குச் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் பார்வை மேம்படுகிறது. எனினும் அழிந்த நரம்பிழைகள் மீண்டும் வளர்வதில்லை. எழுத்துகளை முன்போல் படிக்க முடிந்தாலும் நிறங்கள் மங்கலாகவோ, அரையிருளில் பார்ப்பது கடினமாகவோ இருக்கலாம். நரம்பு மெலிந்திருப்பதை ஓ.சி.டி. பரிசோதனை காட்டும். நோயாளி மிகைப்படுத்திக் கூறுவதாகக் குடும்பத்தினர் எண்ண வேண்டாம், அக்குறை உண்மையானது.

அழற்சியாலும் ஸ்டீராய்டு மருந்தாலும் கண்ணழுத்தம் உயரலாம்; கண்புரையும் உண்டாகலாம். உயர்ந்த கண்ணழுத்தம் வலியின்றியே எஞ்சிய நரம்பிழைகளையும் அழிக்கக்கூடும். பார்வை தெளிந்த பின்னரும் தொடர் பரிசோதனைக்கு அழைப்பது இதனால்தான்.

செய்யக் கூடாதவை

வீட்டில் எஞ்சியுள்ள சொட்டு மருந்தை இட வேண்டாம். ஹெர்பிஸ் போன்ற வேறு வைரஸால் கண் சிவந்திருந்தால், ஸ்டீராய்டு சொட்டு மருந்து கருவிழியில் புண்ணைப் பெரிதாக்கிவிடும். தரப்பட்ட ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்தவும் வேண்டாம். அளவைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வரும்போது காய்ச்சல் தொடங்கிய நாள், இரத்தப் பரிசோதனை அறிக்கை, உட்கொண்ட மருந்துகளின் சீட்டு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். காரணத்தை விரைவில் கண்டறிய அவை எங்களுக்குப் பெரிதும் உதவும்.