மாட்டுத்தாவணியில் யார் பில் தருவார்கள்?

மதுரையில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் சிலருக்கு நான் வருமான வரிக் கணக்கு பார்க்கிறேன். கணக்குத் தாக்கல் செய்யும் காலம் வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "செலவு பண்ணுனது நெசம் சார். பில்லுக்கு எங்க போறது?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடியுமுன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகக் காய்கறி எடுக்கிறவருக்குத் துண்டுச்சீட்டில் தொகை எழுதிக் கொடுத்தாலே பெரிது. வாழை இலை, விறகு, பாத்திரம் ஏற்றிப்போகும் குட்டியானை வாடகை, காய் நறுக்கும் பெண்களின் கூலி, ராத்திரி முழுக்க ஓடும் டீ என்று எதற்கும் அச்சடித்த ரசீது வராது.

இதனால் பலர் செலவையே கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் தெரிந்த கடையில் வெற்று பில் வாங்கி நிரப்புகிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு கேட்பது இதுதான்: செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காக இருக்க வேண்டும், வீட்டுச் செலவாகவோ சொத்து வாங்கிய செலவாகவோ இருக்கக் கூடாது. அச்சடித்த பில் வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. ஆனால் செலவு நடந்தது என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்கான 6எஃப் விதியில், ரசீது தராத இடத்தில் 50 ரூபாய் வரையிலான செலவுக்கு அவர்களே எழுதிக் கையெழுத்திட்ட வவுச்சர் போதும் என்று இருக்கிறது. 50 ரூபாய்க்கு இன்று நாலு டீ வந்தால் அதிகம். ஆனாலும் தொழில் செய்பவர் தன் கையால் எழுதும் வவுச்சரை வரி விதிகளே ஏற்றிருக்கின்றன என்பதற்கு அது சாட்சி.

சமையல்காரர்களுக்கு நான் சொல்லும் வழி இது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் நோட்டில் தனிப் பக்கம். மேலே தேதி, மண்டபம், எத்தனை இலை. கீழே காய்கறிக்கு எவ்வளவு, யாரிடம் வாங்கியது, கூலி யாருக்கு எவ்வளவு. கூலி வாங்கியவரின் கையெழுத்தோ கைரேகையோ, கூடவே போன் நம்பரும். துண்டுச்சீட்டு கிடைத்தால் அங்கேயே ஒட்டிவிட வேண்டும். கடையில் மெஷினில் வரும் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். ஜிபேயில் கொடுத்தால் பேங்க் கணக்கே சாட்சி சொல்லும். ஆயிரம் இலைக்கு இவ்வளவு அரிசி, இத்தனை ஆள் என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. அதோடு நோட்டு ஒத்துப்போனால் அதிகாரி சட்டென்று தள்ளிவிட முடியாது. வருஷக் கடைசியில் ஒரே பேனாவில் எழுதிய நோட்டு அவர் கண்ணுக்கு உடனே தெரியும்.

பில் இருந்தும் கழியாத செலவும் உண்டு. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 40ஏ(3) பிரிவின்படி அந்தச் செலவு முழுவதும் தள்ளுபடி. அரிசி மண்டிக்கு 40,000 ரூபாயை நோட்டாக எண்ணிக் கொடுத்துவிட்டு அழகான பில் வைத்திருந்தும் பயனில்லை. விளைபொருளுக்காக விவசாயிக்கே நேராகக் கொடுக்கும் பணத்துக்கு விலக்கு இருக்கிறது. வியாபாரியிடம் வாங்கினால் கிடையாது.

இவ்வளவு எழுத முடியாது என்பவர்களுக்கு 44ஏடி என்ற உத்தேச வருமான முறை இருக்கிறது. ஆண்டு வரவு 2 கோடி ரூபாய் வரை உள்ள சிறுதொழிலுக்கு இது பொருந்தும். பேங்க் வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்க வரவில் 8 சதவீதம் லாபமாகக் காட்டினால் செலவுக்கு ஆதாரம் கேட்க மாட்டார்கள். 12 லட்சம் பேங்க் வழியாகவும் 8 லட்சம் ரொக்கமாகவும் வந்தால் லாபம் 72,000 ரூபாயும் 64,000 ரூபாயும் சேர்த்து 1,36,000. நிஜ லாபம் இதைவிடக் கூடுதல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது பேங்க் பார்ப்பதும் நீங்கள் காட்டிய லாபத்தைத்தான். இந்த முறையில் சேர்ந்துவிட்டு இடையில் விலகினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பிவர முடியாது.

2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன; இங்கே நான் சொல்பவை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். உத்தேச முறை தொடர்கிறது.

வெற்று பில் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. எந்த ஆதாரமும் இல்லாத செலவைக் கழித்தால், அதனால் குறைந்த வரியைப் போல இரு மடங்கு அபராதம் விதிக்க 270ஏ பிரிவில் இடமிருக்கிறது. பொய்ப் பில் கணக்கில் ஏறினால் 271ஏஏடி பிரிவின்படி அந்தப் பில் தொகை அளவுக்கே அபராதம். உண்மையாகச் செய்த செலவுக்குப் பொய்ச் சாட்சி எதற்கு? அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தை நீங்களே எழுதுங்கள்.