எட்டு மாதங்களுக்குப் பின் ஒரு புன்னகை

பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம், "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்கிறோம். "இன்று யாரைக் கண்டு அஞ்சினாய்? யாரோடு சிரித்தாய்?" என்று கேட்பவர் சிலரே. இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அமெரிக்காவின் நியூஹேவன் நகரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தம் அனுபவத்தில் உணர்ந்தனர்.

யேல் பல்கலைக் கழகத்தின் மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர், 1968-ஆம் ஆண்டு அந்நகரின் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் தம் பணியைத் தொடங்கினார். அங்குப் பயின்றோர் ஏறத்தாழ அனைவரும் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். நகரிலிருந்த 33 தொடக்கப் பள்ளிகளுள் அவை கடைசி வரிசையில் இருந்தன. வகுப்புகளில் ஓயாத கூச்சலும் சண்டையும். ஆசிரியர்கள் பெற்றோரைப் பழித்தனர். பெற்றோர் ஆசிரியர்களைப் பழித்தனர்.

உதைத்துவிட்டு ஓடிய சிறுவன்

தென்பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுவனை, உறவினர் ஒருவர் தாம் வேலைக்குச் செல்லும் வழியில் பள்ளியில் விட்டுச் சென்றார். புதிய மாணவர்களின் வருகையால் ஏற்கெனவே சலித்திருந்த ஆசிரியையின் முகம் சுளித்தது. சிறுவன் அவரது காலில் உதைத்துவிட்டு வெளியே ஓடினான்.

வழக்கமாக இதற்குத் தண்டனைதான் கிடைக்கும். தண்டனை பெற்றுத் திரும்புபவனைப் பிற பிள்ளைகள் எள்ளுவர். அவன் மீண்டும் அடிப்பான். 'முரடன்' என்ற பெயர் நிலைத்துவிடும். இம்முறை ஆசிரியர்கள் கூடிச் சிந்தித்தனர். அறிந்தவர் எவருமில்லாத இடத்தில் தனித்து விடப்பட்ட குழந்தையின் அச்சமே உதையாக வெளிப்பட்டது என்பதை உணர்ந்தனர். அதன்பின், புதிதாக வரும் பிள்ளைக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டி வரவேற்கும் வழக்கம் ஏற்பட்டது.

இரண்டாம் ஆண்டின் பயன்

பல துன்பங்களைக் கண்ட மற்றொரு குழந்தை, எட்டு மாதங்கள் கழித்தே தன் ஆசிரியையைப் பார்த்து முதன்முறையாகப் புன்னகைத்தது. நம்பிக்கை முளைவிடும் அவ்வேளையில் கல்வியாண்டு முடிந்து வேறு ஆசிரியரிடம் செல்ல வேண்டுமே! ஆகவே பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் ஈராண்டுகள் பயில ஏற்பாடு செய்யப்பட்டது. முதலாண்டில் முன்னேறாத சிலர், இரண்டாம் ஆண்டில் ஈராண்டுப் படிப்பையும் எட்டிப் பிடித்தனர்.

'யார் குற்றவாளி?' என்று தேடாமல், 'சிக்கலை எப்படித் தீர்ப்பது?' என்று ஆராய்வதே கோமர் வகுத்த நெறி. பெற்றோர், ஆசிரியர், தலைமையாசிரியர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து முடிவெடுத்தனர். முதலில் தொடங்கிய பள்ளிகளுள் ஒன்று பின்னர் விலக, வேறொன்று இணைந்தது. 1984-இல் திட்டம் நடைபெற்ற இரு பள்ளிகளின் நான்காம் வகுப்பு மாணவர்கள், தேர்வில் நகரிலேயே மூன்றாம், நான்காம் இடங்களை எட்டினர். வறுமை நீங்கவில்லை, பள்ளி மாறியிருந்தது.

இன்று இத்தகைய பயிற்சி 'சமூக, உணர்வுக் கல்வி' எனப்படுகிறது. ஜோசப் டர்லாக் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகைத் திட்டங்கள் 213-ஐயும், அவற்றோடு தொடர்புடைய 2,70,034 மாணவர்களையும் கருத்திற்கொண்டது. பயிற்சி பெற்றோர், பெறாதோரைவிடக் கல்வித் தேர்ச்சியில் 11 சதமான நிலைகள் முன்னேறியிருந்தனர். வெளி வல்லுநர்கள் மட்டுமல்லர், வகுப்பாசிரியர்களும் இதைச் செம்மையாக நடத்த முடியும் என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று.

வகுப்பில் ஒரு பிள்ளை முரண்டு பிடித்தால், பிரம்பைத் தேடுமுன் காரணத்தைத் தேடுவோம். அன்பும் பொறுமையும் பாடவேளையை வீணாக்குவன அல்ல. பாடம் உள்ளே நுழையும் வாயில்களே அவைதாம்.